ஜோடி சேர்த்த சனிக்கிழமை

எனக்கும் என் அண்ணனுக்கும் சண்டை வந்தால் அது பெரும்பாலும் தேதிக்காகத்தான் வரும். நிலம், நகை என்று சண்டை போடுகிற அளவுக்கு எங்கள் வீட்டில் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் அது கேட்கிற தேதியை நான் ஒழுங்காக அடித்தேனா, சோம்பல்பட்டு விட்டுவிட்டேனா, அதுதான் எங்கள் தகராறு.

எண்பதுகளின் பின்பாதி அது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு காப்பிக் கடையின் மாடியில் ஒற்றை அறை எங்களுடையது. வெளிநாட்டுக்காரர்கள் கையால் எழுதிக்கொண்டு வருவதை இங்கிலீஷில் அடித்துக் கொடுப்போம். காலேஜ் வாத்தியார்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் வரும். அந்தக் கம்ப்யூட்டர் மெட்ராஸில் அண்ணன் வேலை பார்த்த கம்பெனி கழித்துப் போட்டது. அண்ணனுக்கு அடிக்கடி கால் வீங்க ஆரம்பித்தது. மெட்ராஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்தோம். அண்ணியையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊரான அடி அண்ணாமலைக்கே அவன் திரும்பியபோது கம்ப்யூட்டரும் லாரியில் கூடவே வந்து இறங்கியது. அம்மா அதற்குக் கற்பூரம் காட்டினாள். டிகிரி முடித்துவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்த என்னை அண்ணன்தான் அந்த மாடிக்குக் கூட்டிப்போய் அதன் முன்னால் உட்காரவைத்தான்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு குறை. உள்ளே கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் நாள் கிழமை எல்லாம் மறந்துவிடும். திரும்பப் போட்டால் 1980 ஜனவரி ஒன்று என்று காட்டிவிட்டு, சரியான தேதி என்ன என்று கேட்டுக்கொண்டு நிற்கும். நாம் அடிக்க வேண்டும். அடிக்காமல் என்டரைத் தட்டிவிட்டும் மேலே போகலாம். அப்படிப் போனால் அன்றைக்குச் செய்கிற வேலைக்கெல்லாம் 1980 என்றே முத்திரை குத்திக்கொள்ளும். எங்கள் ஊரில் கரண்ட் போகிற லட்சணத்துக்கு ஒருநாளில் நாலைந்து தடவை இந்தக் கேள்வி வரும். நாலாவது தடவை எவளுக்குத்தான் பொறுமை இருக்கும்? நான் என்டரைத் தட்டிவிடுவேன். அண்ணன் கண்டுபிடித்துவிடுவான்.

ஒரு ஃபைலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட அதன்மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்பதுதான் அவனுக்கு முக்கியம். பெயர், அளவு, கடைசியாகத் திருத்திய தேதி, அப்புறம் பூட்டு. பூட்டுப் போட்ட ஃபைலைத் திறந்து பார்க்கலாம், திருத்த முடியாது, அதன்மேல் வேறொன்றை எழுதவும் முடியாது. ஒரு வேலை முழுக்கத் திருப்தியாக முடிந்தால்தான் பூட்டுப் போடுவான்.

"உள்ள இருக்கறது நமக்குத்தான் புரியும். மிஷினுக்கு மேல ஒட்டியிருக்கறதுதான் தெரியும். அதுல நீ பொய் சொன்னா அது பொய்யத்தான் நம்பும்" என்பான்.

இங்கிலீஷ் வேலை சோற்றுக்கு. அண்ணனுடைய சொந்த வேலை தமிழ் எழுத்து. கம்ப்யூட்டரில் தமிழ் வராத காலம். ஒவ்வொரு எழுத்தையும் கட்டம் போட்டு, புள்ளி புள்ளியாக வைத்து அவனே வரைந்தான். ஒரு எழுத்துக்கு ஒரு ஃபைல். வாசலில் கோலம் போடப் புள்ளி வைப்பது மாதிரிதான் இருக்கும். கோலமாவைக் கையில் கொடுத்தால் கோணல்மாணலாகப் போடுகிற ஆள் இங்கே வந்து புள்ளி வைக்கிறான் பார் என்று அண்ணி கேலி செய்வாள்.

எழுத்துப் பைத்தியம் அவனுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பிடித்துவிட்டது. எழுபதுகளில் எலெக்ஷன் வந்தால் சுவரில் எழுத அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே நாளில் எதிரும் புதிருமான இரண்டு கட்சிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு பேரிடமும் பரோட்டா வாங்கித் தின்றுவிட்டு வருவான். எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று அப்பா கேட்டதற்கு, எந்தக் கட்சியின் பெயரில் நல்ல வளைவு இருக்கிறதோ அதற்கு என்று சொல்லி அடி வாங்கியவன்.

மெட்ராஸில் பிரஸ்களுக்கு எழுத்து விற்கிற ஒருவர் அவனுக்குப் பழக்கம். முழு எழுத்தையும் கொண்டுவா, நன்றாக இருந்தால் என் மிஷினில் ஏற்றிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அண்ணன் ஒரு முழு வரிசையை முடித்து வைத்திருந்தான். அதில்தான் நாங்கள் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் போட்டுக் கொடுத்தோம். ஊரில் எல்லோரும் வியந்தார்கள். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. கால்கள் எல்லாம் குச்சி நட்டமாதிரி இருக்கிறது, சுழிகளுக்கு வயிறு இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தான். இதை மெட்ராஸுக்குக் கொண்டுபோக மாட்டேன், முதலிலிருந்து வரைகிறேன் என்றான்.

எழுத்துகளைச் சேமித்து வைக்க எங்களிடம் இருந்தது இரண்டு ஃப்ளாப்பி. ஒன்று அவன் தினமும் வேலை செய்கிற ஃப்ளாப்பி. இன்னொன்று பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டு, அவனே எழுதிய ஒரு சின்ன புரோகிராமை ஓடவிடுவோம். அது ஒவ்வொரு ஃபைலாக இரண்டு பக்கத்துத் தேதியையும் பார்க்கும். எந்தப் பக்கம் புதுசோ அதை எடுத்துப் பழசின்மேல் எழுதிவிடும். திரையில் ஃபைலின் பெயரும், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போயிற்று என்று ஒரு அம்புக்குறியும் மட்டும் ஓடும். கடைசியில் இரண்டு ஃப்ளாப்பியும் ஒன்றுபோல ஆகிவிடும். எங்கள் வீட்டில் இதற்கு ஜோடி சேர்ப்பது என்று பெயர். சனிக்கிழமை இரவு சாப்பாட்டில் அம்மாவே கேட்பாள், ஜோடி சேர்த்தாச்சா என்று.

பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுப் பழசையும் வைத்துக்கொண்டால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். ஃப்ளாப்பியில் இடம் ஏது என்றான். பெயரை மாற்றினால் அச்சடிக்கிற புரோகிராமுக்கு எழுத்து கிடைக்காது என்றான். தேதி எதற்கு இருக்கிறது, அதை ஒழுங்காகப் போடு, அது போதும் என்றான்.

கால் வீக்கம் முகத்துக்கு வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். டாக்டர் அண்ணனிடம் தனியாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மாடியேறி வந்தவன் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னான்.

"நான் இருக்கனோ இல்லியோ, எழுத்து இருக்கணும். மெட்ராஸ்ல குடுத்துட்டன்னா அது நம்மளக் கேக்காம எங்கெங்கியோ போவும். அது போதும் எனக்கு."

அன்றிலிருந்து காலை இங்கிலீஷ் வேலை என்னுடையது, மத்தியானத்துக்குமேல் கம்ப்யூட்டர் அவனுடையது. என் வேலை முடிந்ததும் நான் அணைத்துவிடுவேன், அவன் வந்து போட்டுக்கொள்வான், நடுவில் கரண்ட் போனாலும் அவனேதான். நான் அவனுக்குப் பின்னால் ஜன்னலோரம் பிழைதிருத்திக்கொண்டிருப்பேன். அவன் முதுகுதான் தெரியும். எப்போதாவது கூப்பிட்டுக் காட்டுவான். ஒருநாள் 'ஞ' காட்டினான். பழைய 'ஞ' இரண்டு எழுத்து மோதிக்கொண்ட மாதிரி இருக்கும். இது ஒரு பெண் முந்தானையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. எப்போதும் ஏதாவது குற்றம் சொல்கிற நான் ஒன்றும் சொல்லாமல் நின்றதில் அவனுக்கு ஒரே பெருமை. அச்சடித்துப் பார்க்கலாமா என்றேன். பிரிண்டரின் தலை பழுதாகி ரிப்பேருக்கு மெட்ராஸ் போயிருந்தது. வந்ததும் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

சனிக்கிழமை நான் டின்னை எடுத்தால் வேண்டாம் என்றான். எல்லாம் முடியட்டும், கடைசியாகப் பார்த்துப் பூட்டுப் போட்டு நானே ஜோடி சேர்க்கிறேன் என்றான். மூன்று நாலு வாரம் அப்படியே போனது. எழுத்துகள் முக்கால்வாசி முடிந்துவிட்டன என்று எனக்குத் தெரியும். ஒன்றுக்கும் இன்னும் பூட்டுப் போடவில்லை. நாளைக்குப் பார்த்தால் இன்னொரு புள்ளி மாற்றத் தோன்றும் என்பான்.

ஒரு வியாழக்கிழமை அவனுக்கு மூச்சே விட முடியவில்லை. மாடியிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்கி, வாடகைக் காரில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அண்ணி கூடப் போனாள். குழந்தையை அம்மா பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை நான் தனியாக மாடிக்குப் போனேன். அந்த ஃப்ளாப்பி கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. அந்தக் காலத்து ஃப்ளாப்பி பூஞ்சை பிடித்தால் போச்சு, கை பட்டால் போச்சு. அவ்வளவு வேலையும் அந்த ஒற்றைத் தட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டேன். தேதி கேட்டது. ஒழுங்காக அடித்தேன். டின்னிலிருந்து இன்னொன்றை எடுத்து ஜோடி சேர்த்தேன். வழக்கமாக மூன்று நாலு பெயர்தான் ஓடும். அன்றைக்குத் திரை நிறைந்து, வழிந்து, மறுபடி நிறைந்தது. எவ்வளவு வேலை செய்திருக்கிறான் என்று பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கஞ்சியோடு வேலூர் போனேன். அண்ணனைப் படுக்கையில் கொஞ்சம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அவனைச் சந்தோஷப்படுத்த என்னிடம் இருந்தது அந்தச் சேதி ஒன்றுதான். கவலையே வேண்டாம், நேற்று ஜோடி சேர்த்துவிட்டேன், பெரிய பட்டியலாக ஓடியது என்றேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"அம்பு எந்தப் பக்கம் பாத்துச்சு?" என்று கேட்டான்.

யோசித்துச் சொன்னேன். டின் ஃப்ளாப்பியிலிருந்து உன் ஃப்ளாப்பிக்கு என்றேன். சொல்லும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் மேலே ஓடுகிற மின்விசிறியையே பார்த்தான்.

"சரி. நல்ல வேலை பண்ண" என்றான். பிறகு கஞ்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். உடம்பு முடியவில்லை என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் அவனில்லாத அறை தாங்கவில்லை. அவன் வரைந்ததையாவது பார்க்கலாம் என்று 'ஞ'வைத் திறந்தேன். மோதிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய 'ஞ' வந்தது. இன்னொரு ஃப்ளாப்பியில் திறந்தேன். அதுவே. 'ழ', 'ணு', 'ஹ', எதைத் திறந்தாலும் பழசு. தேதிகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பல மாதத்துக்கு முந்தைய தேதி. அப்போதுதான் புரிந்தது. புது எழுத்தின்மேல் பழசு ஏற வேண்டுமென்றால், புதுசுக்குப் பழசைவிடப் பழைய தேதி இருந்திருக்க வேண்டும். எங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பழைய தேதி ஒன்றே ஒன்றுதான்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் உயிரை வாங்கினாயே, ஒரு தடவை என்டர் தட்டியதற்குக் காலேஜ் வாத்தியார் முன்னால் வைத்து என்னைத் திட்டினாயே, நீயா இதைச் செய்தாய் என்று காலியான நாற்காலியோடு சண்டை போட்டேன். கீழே காப்பிக் கடைக்காரர் என்னவோ ஏதோவென்று படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அழுகை அதற்கப்புறம் வந்தது.

அந்த வாரக் கடைசியில் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவனிடம் எதையும் கேட்கக் கூடாது என்று சாமி மேல் சத்தியம் செய்திருந்தேன். என் சத்தியத்துக்கு மாலைவரைகூட ஆயுசு இல்லை. அண்ணி குழந்தையைக் குளிப்பாட்டப் போன சமயத்தில் கட்டிலருகே போய் நின்றேன்.

"தேதி போடலியாண்ணா நீ?"

"போடல."

அவனே சொன்னான்.

"டாக்டர் சொன்னப்புறம் தினம் தேதி அடிக்கும்போது மனசு தானா கணக்கு போடுதும்மா. இன்னும் எவ்ளோ, இன்னும் எவ்ளோன்னு. ஒருநாள் சும்மா என்டர் தட்னேன். எம்பதுன்னு வந்து நின்னுச்சு. எம்பதுல எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமே கெடையாது. நல்லா இருந்தேன். அந்த வருஷத்துல உக்காந்து வேலை செய்யறாப்பல இருந்துச்சு. அப்புறம் தேதி போடவே புடிக்கல. முடிஞ்சதும் எல்லாத்துக்கும் ஒரே தேதியா போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

தெரிந்துகொண்டுதான் ஆஸ்பத்திரியில் நல்ல வேலை பண்ணினாய் என்று சொன்னாயா என்று கேட்டேன்.

"பின்ன என்ன சொல்றது? நீ நான் சொல்லிக்குடுத்ததத்தான செஞ்ச" என்றான்.

அதைவிட என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கு அவன்மேல் கோபமும் வருகிறது, அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருக்கிறது.

கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னான். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் வைத்துக் கொண்டுவந்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தான். தினமும் என்னிடம் "இன்னிக்கு இன்னா தேதி?" என்று கேட்பான். சொல்வேன். ஒவ்வொரு எண்ணாக அடிப்பான். விரல் வீங்கி ஒரு கட்டையைத் தட்டினால் இரண்டு சேர்ந்து விழும். நீ சொல்லு, நான் புள்ளி வைக்கிறேன் என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். அவன் சொன்ன கட்டத்தில்தான் வைத்தேன். ஆனாலும் கடைசியில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவான். இது உன் எழுத்தும்மா, என்னுது இல்ல என்று அழித்துவிடுவான். அப்போது கோபம் வந்தது. பிறகு தனியாக உட்கார்ந்து நானே முயன்றேன். அவன் சொன்னது சரிதான்.

'அ' முடித்தான். 'ஆ' அதிலிருந்தே வந்துவிட்டது. 'இ'க்கு மட்டும் எத்தனையோ நாள் எடுத்துக்கொண்டான். மூன்றுக்கும் அவனே பூட்டுப் போட்டான். 'ஈ' ஆரம்பிக்கவில்லை. ஒரு விடியற்காலையில் அண்ணி போட்ட சத்தத்தில் நாங்கள் எல்லோரும் எழுந்து ஓடினோம்.

கருமாதிப் பத்திரிகை அடிக்க வேண்டும். டவுனில் ஈய எழுத்தில் அடிக்கிற பிரஸ் இருக்கிறது, அங்கேயே கொடுத்துவிடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அண்ணி கேட்கவில்லை.

"அவரு எழுத்துலியே போடு. அதுக்குத்தான அவ்ளோ பாடு பட்டாரு" என்றாள்.

நடந்தது அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். பிரிண்டர் ரிப்பேர் முடிந்து வந்திருந்தது. ரிப்பனைக் கழற்றிவிட்டு ஸ்டென்சில் தாளை மாட்டினால் ஊசிகள் அதில் எழுத்தைக் குத்தும். அதை சைக்ளோஸ்டைல் மிஷினில் போட்டுப் பிரதி எடுக்கலாம். நானே உட்கார்ந்து கோத்தேன். அன்புடையீர் என்று ஆரம்பித்து, அண்ணன் பெயரைப் போட்டு, இறைவனடி சேர்ந்தார், ஆத்மா சாந்தியடைய என்று முடித்தேன். முதல் பிரதியை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். 'அ', 'ஆ', 'இ' மூன்றும் வருகிற இடமெல்லாம் அவ்வளவு லட்சணமாக இருந்தது. மற்றதெல்லாம் அவன் வேண்டாமென்று தள்ளிய எழுத்து. அவன் பெயரில் அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

சொந்தக்காரர்கள் வாங்கிப் படித்துவிட்டு, கம்ப்யூட்டரில் அடித்ததா, என்ன திறமைசாலி, பாவம் என்றார்கள். மெட்ராஸ்காரருக்கும் தபாலில் ஒன்று போனது. அவரிடமிருந்து துக்கம் விசாரித்து மட்டும் பதில் வந்தது.

அண்ணன் மகளை அந்த வருஷம்தான் பாலர் பள்ளியில் சேர்த்திருந்தோம். காரியத்துக்கு முதல்நாள், பந்தல்காரர்கள் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தபோது, மிச்சமிருந்த பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்துகளின்மேல் விரலை வைத்து ஊர்ந்துகொண்டே வந்தாள்.

"அத்த, இது நல்லாருக்கு. இதுவும் நல்லாருக்கு" என்று மூன்று நாலு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு அவள் விரல் அப்பாவின் பெயரில் வந்து நின்றது.

"இத யாரு போட்டது?"

எல்லாமே உன் அப்பா போட்டதுதான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.